ஏழு சுரம், ஆறு கம்பி, நாலு விரல்

பென்னாகரத்தில் என்னிடம் கிட்டார் பழக வருகிற பிள்ளைகள் யாரும் ஒன்றும் தெரியாமல் வருவதில்லை. ஃபோனில் பார்த்து சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நாலைந்து கார்டுகளைத் தாங்களாகவே பிடிக்கப் பழகி, ஒன்றிரண்டு பாட்டுகளையும் ஓட்டத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். கொஞ்ச நாளில் அந்தக் கார்டுகள் அலுத்துப்போகும். 'சி' இருந்த இடத்தில் 'சி நைன்', 'ஜி' இருந்த இடத்தில் 'ஜி தேர்ட்டீன்' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பிடித்து அடிப்பார்கள். கொரகொரவென்று இரையும். ஏரியூரிலிருந்து பஸ் ஏறி வருகிற பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மாஸ்டர், அதே விரல், அதே இடம். நீங்க வாசிச்சா இனிக்குது. நான் வாசிச்சா ஏன் இரையுது?"

"கண்ணு, படத்துக்கு மேல ஒரு பெருக்கல் குறி இருக்குதே, அதைப் பாத்தியா?" என்றேன்.

கார்டுப் படத்தில் கம்பியின் தலைப்பில் வட்டம் இருந்தால் அந்தக் கம்பியை அழுத்தாமல் அப்படியே ஒலிக்கவிட வேண்டும். பெருக்கல் குறி இருந்தால் அந்தக் கம்பி ஒலிக்கவே கூடாது. வட்டத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். பெருக்கலை யாரும் பார்ப்பதில்லை. திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு ரிதம் கிட்டார் வாசித்தே வளர்ந்தவன் நான். பெரிய கார்டுகளில் பாதி வேலை ஒலிக்க வைப்பது, மீதிப் பாதி ஒலிக்காமல் தடுப்பது. இந்த இரண்டாவது பாதியை யாரும் ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய கார்டு என்றால் என்ன என்பதை நம் சுரங்களை வைத்தே சொல்லிவிடலாம். ஸ, க, ப மூன்றும் சேர்ந்து ஒலித்தால் மேஜர் கார்டு. ஒன்று விட்டு ஒன்று எடுக்கிற கணக்கு இது: ஸ எடுத்து ரியை விட்டோம், க எடுத்து மவை விட்டோம், ப வந்தது. இதே கணக்கில் மேலே ஏறினால் நி. அதுவரை சேர்த்தால் செவன்த். இன்னும் ஏறினால் மேல் ஸ்தாயி ரி. ஸவிலிருந்து எண்ணினால் அது ஒன்பதாவது, அதனால் நைன்த். அடுத்து ம, பதினொன்று. அடுத்து த, பதின்மூன்று. அதற்கு மேல் ஏறினால் மறுபடி ஸ வந்துவிடும், அதனால் பதின்மூன்றோடு கணக்கு முடிகிறது.

இந்த ஏழையும் ஒன்றாகப் பாருங்கள். சி தேர்ட்டீன் கார்டில் நி கைசிகி நிஷாதம். அப்படியானால் அதில் இருப்பவை அத்தனையும் ஹரிகாம்போஜியின் ஏழு சுரங்கள். நி காகலியானால் அது மேஜர் தேர்ட்டீன், சுரங்கள் சங்கராபரணம். 28வது மேளத்தையும் 29வது மேளத்தையும் ஒரே தட்டில் ஒலிக்கவைக்கிற ஆசைதான் இந்தக் கார்டுகள். இதை முதன்முதலில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட பரவசம் இன்னும் குறையவில்லை.

பியானோக்காரருக்குப் பத்து விரல் இருக்கிறது. கிட்டாரில் கம்பி ஆறுதான். அழுத்துகிற கையில் கட்டைவிரல் போக மீதி நாலு விரல். ஏழு சுரத்தை இதில் எப்படி அடக்குவது? அடக்க முடியாது. எதையாவது விட்டாக வேண்டும்.

முதலில் விட வேண்டியது பஞ்சமம். இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். இந்தப் பக்கம் கூத்து மேடையில் விடிய விடிய ஆர்மோனியத்தில் ஸவும் பவும் கேட்டு வளர்ந்த காது அவர்களுடையது. பஞ்சமம் இல்லாமல் சுருதியா என்று தோன்றும். ஆனால் ஸ ஒலிக்கிற கம்பியே பஞ்சமத்தையும் தனக்குள் வைத்திருக்கிறது. ஒரு கம்பி முழுதாக அதிரும்போதே மூன்று பங்காகவும் அதிரும். அந்த மூன்று மடங்கு அதிர்வெண் மேல் ஸ்தாயிப் பஞ்சமம். தம்புராவை உற்றுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியும். ஸ நன்றாக ஒலித்தால் ப பின்னால் நின்றுகொண்டே இருக்கும். விரலைச் செலவழிக்கத் தேவையில்லை.

அடுத்து மத்தியமம். அந்தர காந்தாரத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் இடையில் அரைச் சுரம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் உரசும். மேஜர் வகைத் தேர்ட்டீனில் மவை விட்டுவிடுவதே வழக்கம். பேஸ் கிட்டார் பக்கத்தில் இருந்தால் ஸவையும் அவரிடமே கொடுத்துவிடலாம். விடக் கூடாதவை க, நி, பிறகு எந்தச் சுரத்தால் அந்தக் கார்டுக்குப் பெயர் வந்ததோ அந்தச் சுரம். மேஜரா மைனரா என்று சொல்வது காந்தாரம். கார்டு நிற்கிறதா, எங்கேயோ நகர்ந்து போக ஏங்குகிறதா என்று சொல்வது நிஷாதம்.

அமெரிக்காவில் ஃப்ரெடி கிரீன் என்று ஒருவர். கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937இல் சேர்ந்தார். 1987இல் இறக்கும்வரை அந்தக் குழுவின் ரிதம் கிட்டார் அவருடையதுதான். அத்தனை ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் நடுவில், ஆம்ப்ளிஃபையர் இல்லாத கிட்டாரில் பெரும்பாலும் மூன்று சுரம், சில நேரம் ஒரே ஒரு சுரம்தான் ஒலிக்கவிடுவார். மற்ற கம்பிகளும் அடி வாங்கும். ஆனால் இடது கை அவற்றை அடக்கி வைத்திருக்கும். அவரைக் கேட்ட பிறகு ஆறு கம்பியையும் நிரப்பிப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் போய்விட்டது.

இப்போது ஜி தேர்ட்டீனைக் கையில் எடுப்போம். மெல்லிய கம்பி ஒன்று, தடித்த கம்பி ஆறு என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரல் ஆறாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட். நடுவிரல் நாலாவது கம்பியில் அதே மூன்றாம் ஃப்ரெட். மோதிர விரல் மூன்றாவது கம்பியில் நாலாம் ஃப்ரெட். சுண்டுவிரல் இரண்டாவது கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட். சுரமாகச் சொன்னால் ஸ, கைசிகி நி, அந்தர க, சதுஸ்ருதி த. ப, ம, ரி மூன்றும் இல்லை. இருந்தும் கேட்டுப் பாருங்கள், முழுத் தேர்ட்டீன் காதில் விழும்.

ஐந்தாவது கம்பியும் முதல் கம்பியும் இங்கே பெருக்கல் குறி. ஐந்தாவது கம்பி தப்பி ஒலித்தால் என்ன ஆகும்? அது ஏ. ஜிக்கு ஏ என்பது ரி, அதாவது நைன்த். இந்தக் கார்டுக்கு உறவான சுரம்தான். மேல் ஸ்தாயியில் வந்திருந்தால் இனித்திருக்கும். ஆனால் இங்கே அது அடித்தளத்தில் வந்து நிற்கிறது. ஆறாவது கம்பியின் ஜி நொடிக்கு 98 அதிர்வு. பக்கத்திலேயே ஏ, 110. இவ்வளவு கீழே, இவ்வளவு நெருக்கமாக இரண்டு சுரம் ஒலித்தால் காது இரண்டையும் பிரித்து எடுக்காது. ஒரே உறுமலாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பெண் கேட்ட இரைச்சல் இதுதான். அவள் விரல் எதுவும் தவறான இடத்தில் இல்லை. நடுவில் ஒரு கம்பி சும்மா கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

அதை அடக்குவது ஆள்காட்டி விரலின் வேலை. நுனி ஆறாவது கம்பியை அழுத்திக்கொண்டிருக்கும்போது, விரலை இம்மி படுக்கவைத்தால் அடிச்சதை ஐந்தாவது கம்பியின் மேல் படியும். அழுத்தக் கூடாது. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைக்கிற அழுத்தம் போதும். முதல் கம்பிக்குச் சுண்டுவிரலின் சரிவு போதும். இரண்டாவது கம்பியை அழுத்துகிற அதே விரல், நிமிர்ந்து நிற்காமல் சற்றே சாய்ந்தால் முதல் கம்பியைத் தொட்டுவிடும்.

இங்கேதான் ஒரு சங்கடம். முதல் ஆறு மாதம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தருகிறோம்? "விரலை நிமிர்த்திப் பிடி, பக்கத்துக் கம்பியில படக் கூடாது." ஆரம்பத்துக்கு அது சரி. ஆனால் பெரிய கார்டுகளுக்கு வந்ததும் விரல் பக்கத்துக் கம்பியில் பட்டே ஆக வேண்டும், எந்தக் கம்பியில், எவ்வளவு என்பதைத் தெரிந்து பட வேண்டும். பழைய பாடத்தை மாற்றிக்கொள்ளப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் முதல் வாரத்திலேயே இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தருகிறேன். சாதாரண சி மேஜரிலேயே ஆறாவது கம்பிக்குப் பெருக்கல் குறி உண்டு. அங்கேயே தொடங்கிவிடலாம்.

சி நைன் இதற்கு நல்ல பயிற்சி. நடுவிரல் ஐந்தாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் நாலாவது கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், மோதிர விரல் படுத்தபடி மூன்றாவது, இரண்டாவது, முதல் கம்பிகளில் மூன்றாம் ஃப்ரெட். ஸ, க, நி, ரி, ப என்று அத்தனையும் வந்துவிடும். ஆறாவது கம்பிக்குத் தனி விரல் கிடையாது. நடுவிரலை மேல் பக்கமாக ஒரு நூல் தள்ளினால் அதன் நுனி ஆறாவது கம்பியின் ஓரத்தைத் தொடும். வலது கையால் அந்தக் கம்பியைத் தட்டினால் 'டப்' என்று மரத்தைத் தட்டுகிற சத்தம் வர வேண்டும். 'டங்' என்று சுரம் வந்தால் இன்னும் தொடவில்லை.

கட்டைவிரலையும் சும்மா விட வேண்டாம். கழுத்துக்குப் பின்னால் இருக்கிற கட்டைவிரலை மேலே எட்டிக்கொண்டு வந்தால் ஆறாவது கம்பியைத் தொடலாம். கிளாசிக்கல் ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. நைலான் கம்பிக் கிட்டாரின் கழுத்து தலைப் பக்கம் சுமார் 52 மில்லிமீட்டர் அகலம், அதில் கட்டைவிரல் எட்டவே எட்டாது. நம் பிள்ளைகள் வைத்திருக்கிற இரும்புக் கம்பிக் கிட்டார் 43 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நடுத்தரக் கைக்கே எட்டும். எட்டினால் பயன்படுத்துங்கள்.

தொட்டால் மட்டும் கம்பி அடங்கிவிடும் என்று நினைக்கவும் கூடாது. 12வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே லேசாகத் தொட்டால் கம்பி பாதியாகப் பிரிந்து மணி போல ஒலிக்கும். ஏழாவதில் மூன்று பங்கு, ஐந்தாவதில் நாலு பங்கு. டி மைனர் நைனில் நடுவிரல் ஐந்தாம் ஃப்ரெட்டில் இருக்கும். அந்த நுனியால் ஆறாவது கம்பியைத் தொட்டால் சில நேரம் 'ணீங்' என்று மெல்லிய மேல் சுரம் ஒன்று எழும். அதே கம்பியை இன்னொரு இடத்தில் கட்டைவிரலாலும் தொட்டுவிட்டால் அது எழாது. ஒரு தொடுதலுக்கு ஒலிக்கிற கம்பி இரண்டு தொடுதலுக்கு அடங்கும்.

இந்த வித்தை நம்மிடம் புதிதல்ல. மிருதங்கத்தில் 'நம்' வாசிக்கும்போது மோதிர விரல் தோலை லேசாகத் தொட்டபடி நிற்க, ஆள்காட்டி விரல் ஓரத்தில் விழும். அந்தத் தொடுதல் ஒரு அதிர்வை அடக்கி இன்னொன்றை எழுப்புகிறது. நம் தோல் கருவிகளின் அதிர்வுகள் எப்படிச் சுரமாக இசைகின்றன என்பதை சி.வி. ராமன் 1920இலேயே ஆராய்ந்து எழுதினார். மிருதங்கம் பழகிய பிள்ளை யாராவது கிட்டாருக்கு வந்தால் அடக்குவதைச் சொல்லித்தருவது எனக்குச் சுலபம். அவர்கள் விரலுக்குத் தொடுவதும் அடிப்பதும் வேறு வேறு என்று முன்பே தெரியும்.

வீட்டில் ஒழுங்காக இருந்த கார்டு மேடையில் கெட்டுப்போவதும் உண்டு. திருவிழா மேடை என்றால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர்கள், பின்னால் டிரம்ஸ், பக்கத்தில் பேஸ். கிட்டாரின் ஆறாவது கம்பி 82 அதிர்வு. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41. அதன் இரட்டிப்பு 82. பேஸ்காரர் அந்தக் கம்பியை அடித்தால் என் கிட்டாரின் ஆறாவது கம்பி யாரும் தொடாமலே அதிரும். பிக்கப் அதையும் வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஸ்பீக்கர் மறுபடி கம்பியை அதிரவைக்கும். இந்தச் சுற்று ஓரளவைத் தாண்டினால் 'ஊ...' என்று ஊளை. கூட்டம் காதைப் பொத்தும், மிக்சர் தம்பி ஓடிவருவார். அடிக்காத கம்பியையும் அடக்கித்தான் வைத்திருக்க வேண்டும் என்பதை மேடைதான் எனக்குக் கற்றுத்தந்தது. வாசிக்காத நேரத்தில் வலது உள்ளங்கையின் ஓரம் கம்பிகளின் மேலேயே கிடக்க வேண்டும்.

அடக்கப் பழகினால் என்ன கிடைக்கும்? மூன்று கார்டுகளை அடுத்தடுத்து வாசித்துக் காட்டுவதுதான் என் பதில். டி மைனர் நைன், ஜி தேர்ட்டீன், சி மேஜர் நைன். டி மைனர் நைனில் ஐந்தாம் கம்பி முதல் இரண்டாம் கம்பி வரை முறையே 5, 3, 5, 5 ஃப்ரெட்கள். ஜி தேர்ட்டீனை மேலே பார்த்தோம். சி மேஜர் நைனில் அதே நாலு கம்பிகள். ஃப்ரெட்கள் 3, 2, 4, 3. இப்போது கம்பி கம்பியாகப் பாருங்கள். நாலாவது கம்பி 3, 3, 2 என்று நகர்கிறது. மூன்றாவது கம்பி 5, 4, 4. இரண்டாவது கம்பி 5, 5, 3. சி சுருதியில் சொன்னால் ஒன்று மவிலிருந்து கவுக்கு இறங்குகிறது; ஒன்று ஸவிலிருந்து நிக்கு; ஒன்று கவிலிருந்து ரிக்கு. எந்தக் குரலும் தாவவில்லை. நின்றிருக்கிறது, அல்லது பக்கத்துச் சுரத்துக்கு இறங்குகிறது. மூன்று பேர் சேர்ந்து மெல்லப் பாடுவது போலவே கேட்கும். மொத்தக் கம்பியும் ஒலித்தால் இந்த மூன்று குரலும் கூட்டத்தில் காணாமல் போகும்.

அடக்க வேண்டிய கம்பி மட்டும் இடம் மாறிக்கொண்டிருக்கும். முதல் கார்டில் ஆறும் ஒன்றும், இரண்டாவதில் ஐந்தும் ஒன்றும், மூன்றாவதில் மறுபடி ஆறும் ஒன்றும். கடைசிக் கார்டில் முதல் கம்பி தப்பி ஒலித்தாலும் கவலைப்படாதீர்கள். அது ஈ, சிக்கு அது காந்தாரம், மேலே நின்று அழகாகத்தான் இருக்கும். எல்லாப் பெருக்கல் குறியும் ஒரே கனம் உடையவை அல்ல. கீழ்க் கம்பிகளில் கண்டிப்பு வேண்டும், மேல் கம்பிகளில் காதைக் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான அழகும் உண்டு. அதற்கும் இதே கட்டுப்பாடுதான் வேண்டும். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். கிட்டார் பிடிக்கிற தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒருநாள் அந்தப் பாட்டுக்கு வந்து சேரும். அதில் கார்டைத் தட்டுவதில்லை. கம்பி கம்பியாகப் பிரித்து மீட்டுகிறார்கள். அப்படி மீட்டும்போது ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதுக்கு வரும். விரல் சதை பட்டு ஒரு கம்பி செத்தாலும் தெரியும், வேண்டாத கம்பி ஒன்று ஒலித்தாலும் தெரியும். ஒளிய இடம் இல்லை. 1980இல் வந்த 'மூடுபனி' இளையராஜாவின் 100வது படம். அதில் 'என் இனிய பொன் நிலாவே' கிட்டாரோடுதான் பிறக்கிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, கிட்டார் கலைஞராகவும் வாசித்தவர் இசையமைப்பாளரானதால் கிட்டாருக்குத் தமிழ்ப் பாட்டில் கிடைத்த இடம் அது. இன்று எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் கார்டு வேலையெல்லாம் கீபோர்டுக்குப் போய்விட்டது. கீபோர்டில் தொடாத கட்டை ஒலிக்காது, அதனால் அங்கே இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் விரல் சதையும் கம்பியும் உரசி வருகிற அந்த உயிர் அதில் கிடைக்காது. கிட்டார்காரர்கள் கார்டைச் சுத்தமாக வாசித்தால் அந்த இடத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றே நம்புகிறேன்.

பிக் இல்லாமல் விரலால் வாசித்தால் சிக்கல் பாதியாகும். பிரேசிலில் 1958இல் ஜோவாவ் ஜில்பெர்த்தோ பதிவுசெய்த போசா நோவா பாட்டுகளில் கட்டைவிரல் பேஸ் கம்பியை எடுக்க, மூன்று விரல்கள் மேல் கம்பி மூன்றையும் ஒன்றாகப் பறிக்கின்றன. வேண்டாத கம்பியைத் தொடுவதே இல்லை. ஜி தேர்ட்டீனை அப்படி எடுத்துப் பாருங்கள்: கட்டைவிரல் ஆறில், மற்ற மூன்றும் நாலு, மூன்று, இரண்டில். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்க இதுவே போதும். மேடையில் டிரம்ஸோடு போட்டிபோட பிக் வேண்டும்; அப்போது இடது கை அடக்கியே ஆக வேண்டும்.

பழகும் முறை சாதாரணமானது. கார்டைப் பிடித்துக்கொண்டு ஆறிலிருந்து ஒன்று வரை ஒவ்வொரு கம்பியாக மெதுவாகத் தட்டுங்கள். ஒலிக்க வேண்டியது ஒலிக்கிறதா, டப் என்று சாக வேண்டியது சாகிறதா என்று கேளுங்கள். பிறகு ஆறையும் சேர்த்து அடியுங்கள். தயங்கித் தயங்கி நாலு கம்பியை மட்டும் குறிவைத்து அடிக்கிற பிள்ளைக்குத் தாளம் நிற்காது. இடது கை காவல் இருக்கிறது என்று நம்பினால்தான் வலது கை தைரியமாக வீசும். கம்பி கழுத்திலிருந்து உயரமாக நிற்கிற கிட்டாரில் அழுத்தவே முழு பலமும் போய்விடும், மெல்லத் தொட விரலில் நிதானம் மிஞ்சாது. தருமபுரியிலோ சேலத்திலோ கருவி ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துக் கம்பி உயரத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்வேன். பிள்ளையின் விரலைக் குறை சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

இவ்வளவும் பழகியவர்களுக்கு ஒரு கார்டு தருகிறேன். ஈ செவன் ஷார்ப் நைன். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967இல் 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டில் வாசித்து, உலகமே அவர் பெயரால் அழைக்கிற கார்டு. ஐந்தாம் கம்பி முதல் இரண்டாம் கம்பி வரை 7, 6, 7, 8 ஃப்ரெட்கள். விரல்கள் வரிசையாக நடு, ஆள்காட்டி, மோதிரம், சுண்டு. ஸ, அந்தர க, கைசிகி நி, மேலே ஷட்ஸ்ருதி ரி. முதல் கம்பியைச் சுண்டுவிரலால் அடக்குங்கள். ஆறாவது கம்பி இங்கே ஈ, அதாவது ஸ. வேண்டுமானால் திறந்து விடலாம். ஷட்ஸ்ருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும் ஒன்றாக வருகிற மேளம் நம்மிடம் இருக்கிறது: 34வது மேளம், வாகதீஸ்வரி. வயலினோ புல்லாங்குழலோ பழகிய நண்பர் பக்கத்தில் இருந்தால் மூன்று கட்டை சுருதி வைத்து வாகதீஸ்வரி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இந்த ஒரு கார்டைத் தாளத்தோடு தட்டிக்கொண்டிருங்கள்.